வசந்தத்திலிருந்து வலிக்காத கால்

மார்யுனின் வலது கால் பெருவிரல் வசந்த காலத்திலேயே வலிப்பதை நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்பது கொஞ்சம் அதிகப்படி. அடங்கிவிட்டது என்று சொல்லலாம். மாலையில் லேசாக முனகும், குளிர் அதிகமான காலையில் ஒரு முறை சுருக்கென்று தன்னை நினைவுபடுத்தும், அவ்வளவுதான். இது அவளுக்கு மட்டுமே தெரியும். வலி அப்படிப்பட்டது. அடுத்தவர் உடம்புக்குள் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க யாருக்கும் வழியில்லை. முகத்தைப் பார்த்து நம்புகிறோம், நடையைப் பார்த்து நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குள்தான் மார்யுன் ஒரு கோடை முழுவதும் குடியிருந்தாள்.

எங்கள் தீவு ஊரான ஹம்ராவிக்கில் மலையும் பொது, மலைமேல் மேயும் ஆடுகளும் பொது. பங்கு வைத்திருக்கும் வீடுகளுக்கு இலையுதிர் காலத்தில் இறைச்சி கிடைக்கும். பதிலுக்கு, அக்டோபரில் ஆடுகளைக் கீழே இறக்கும் நாளில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆள் மலைக்கு வர வேண்டும். மலையின் குறுக்கே வரிசையாகப் பரவி நின்று, ஆடுகளை முன்னே விட்டு, சேர்ந்தே நடந்து, கடலோரத்தில் இருக்கும் கல்பட்டிக்குள் அடைப்போம். வரிசையில் எந்தப் பங்குக்கு எந்த இடம் என்பது நாங்கள் பிறப்பதற்கு முன்பே தீர்மானமானது. மாற்றித் தரும்படி யாரும் கேட்பதில்லை.

மார்யுனின் கணவன் ரெக்னாரின் பங்குக்கு வாய்த்தது வரிசையின் கடைசி இடம். அதை விளிம்பு என்போம். ஒரு பக்கம் சரிவான ஈரப் புல். மறுபக்கம் ஒன்றும் இல்லை, கீழே கடல். மிரண்ட ஆடு அந்தப் பக்கம்தான் திரும்பும் என்பதால் விளிம்பில் ஆள் இல்லாமல் வரிசை நகராது. ரெக்னார் வருஷத்தில் பெரும்பகுதி மீன்பிடிக் கப்பலில் இருப்பவன். ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விளிம்பில் நடந்தது மார்யுன்தான். அவள் அங்கே ஒருபோதும் மோசமாக நடந்ததில்லை. அந்த இடத்தில் எவரும் அதற்கு மேல் செய்துவிட முடியாது.

கால் கெட்டது மலையில் அல்ல, துறைமுகத்து மீன் தொழிற்சாலையில். சிமெண்டுத் தரை, தரையில் எப்போதும் தண்ணீர், ரப்பர் பூட்ஸ். மேசையருகே நின்று காட் மீன் துண்டுகளிலிருந்து முள்ளைச் சீவி எடுக்கும் வேலை. முதலில் பெருவிரலின் அடி மூட்டில் ஒரு விறைப்பு. பிறகு அந்த மூட்டின் மேல் மொச்சைக்கொட்டை அளவில் எலும்பு புடைத்தது. ஏற்றத்தில் கால் தரையை உந்தும் ஒவ்வொரு முறையும், கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும், விரலுக்குள் யாரோ ஆணியைத் திருகுவது போல இருக்கும். பூட்ஸ் சிறுத்துவிட்டதென்று நினைத்தாள். வயது என்று நினைத்தாள். கடைசியில் மருத்துவரிடம் போனாள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் மூட்டுக்குள் இருக்கும் மெத்தை தேய்ந்துவிட்டது என்றார். அறுவை சிகிச்சை செய்து இரண்டு எலும்பையும் ஒட்டிவிடலாம், ஒட்டினால் வலி போகும், அதோடு விரலின் வளைவும் போகும் என்றார்.

"வளையாத விரலை வெச்சுக்கிட்டு நான் எப்படி விளிம்புல நிக்கறது?" என்று கேட்டாள் மார்யுன்.

அன்று அவள் சொன்னது முழு உண்மை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் வற்புறுத்தவில்லை. தலைநகரில் கால் சிகிச்சை செய்யும் எல்ஸ்பாவிடம் அனுப்பினார். எல்ஸ்பா அதிகம் பேசாத இளம்பெண். மார்யுனின் விரலை மேலே வளைத்துப் பார்த்தாள், குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னாள், அவள் போட்டு வந்த பூட்ஸின் முனையை உள்ளங்கையால் அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மூட்டு தேஞ்சது தேஞ்சதுதான். அது திரும்ப வளராது. ஆனா தேஞ்ச மூட்டெல்லாம் வலிச்சே ஆகணும்னு இல்ல. அதைக் கோவப்படுத்தாம வெச்சுக்கப் பழகணும். அது அடங்கற வரைக்கும் மலை வேண்டாம்" என்றாள்.

அதன் பிறகு மார்யுனின் நாள் விரலைச் சுற்றி அமைந்தது. தொழிற்சாலைக்கு முன்பக்கம் அகலமான ஆண்கள் பூட்ஸ் வாங்கினாள். அதனுள் குதிகாலிலிருந்து நுனிவரை வளையாத மெல்லிய தகடு, விரலுக்குப் பதிலாகத் தகடு சுமையை ஏற்கும்படி. தெருவில் நடக்க, படகின் அடிபோல முன்னே வளைந்த அடிப்பாகம் கொண்ட காலணி. அதைப் போட்டால் கால் உந்த வேண்டாம், உருண்டு போகும். பாதத்தின் முன்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னத் திண்டு. வேலையில் நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் மூன்று வாரம் சண்டை. சாயங்காலம் வீட்டுப் படியில் குதிகாலைத் தொங்கவிட்டுக் கெண்டைக்காலை இழுத்துவிடுவாள். விரலைத் தரையில் அழுத்துவாள், விரிப்பாள், விடுவாள். வலி முற்றிய நாளில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வாள். ஒரு முறை மூட்டில் ஊசியும் போட்டார்கள். ஒன்றும் அதிசயம் நடக்கவில்லை. சலிப்பான வேலைகளைச் சலிக்காமல் செய்தாள், அவ்வளவுதான்.

மலைக்கு யார் போவது என்ற பேச்சு வந்தபோது துரிதா முந்திக்கொண்டாள்.

துரிதா ரெக்னாரின் தங்கை. ஊரில் இருக்கும் ஒரே கடையை நடத்துகிறாள். பெற்றோரின் வீட்டில் தனியாக இருக்கிறாள். உயரம் என்றால் அவளுக்கு எப்படி என்பது ஊருக்கே தெரியும். கடையில் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுவாள்.

"நான் போறேன் அண்ணி" என்றாள்.

"உனக்கு மேல் தட்டுல இருக்கற மாவு மூட்டைய எடுக்கவே கை நடுங்குமேடி."

"மாவு மூட்டை தலையில விழும். மலை எங்க விழப்போகுது? எங்கப்பா நடந்த இடம்தானே. நீங்க கால நீட்டி உக்காருங்க."

போனாள். வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. குளிர் என்றாள். மறு வருஷமும் போனாள். அந்த முறை கல்பட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு, மடியில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்திருந்த மார்யுன், சுவருக்கு அந்தப் பக்கம் துரிதா குனிந்து வாந்தி எடுப்பதைப் பார்த்தாள். துரிதா ஓடையில் வாய் கொப்பளித்தாள், கன்னத்தைத் தேய்த்துச் சிவப்பாக்கினாள், சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குக் காத்து நல்லா இருந்துச்சு அண்ணி" என்றாள்.

அப்போது மார்யுனின் கால் உண்மையிலேயே வலித்துக்கொண்டிருந்தது. அதனால் அவள் பார்த்ததைப் பார்த்ததோடு விட்டுவிட முடிந்தது.

அதற்கு அடுத்த வசந்தத்தில் ஒரு கிடா வேலி தாண்டி அவளுடைய உருளைக்கிழங்குப் பாத்திக்குள் புகுந்தது. மார்யுன் ஜன்னலில் பார்த்தாள், கதவைத் திறந்தாள், கல் சுவரைத் தாண்டிக் குதித்தாள், கிடாவின் பின்னாலேயே ஓடை வரை ஓடினாள். அதை விரட்டிவிட்டு நின்று மூச்சு வாங்கும்போதுதான் காலின் நினைவு வந்தது. குனிந்து பார்த்தாள். நுனிக்காலில் நின்று பார்த்தாள். இன்னொரு தடவை நின்றாள். யாருமில்லாத வயலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்போடு சாலைக்கு ஏறி வந்தபோது எதிரே துரிதா கடைப் பையோடு வந்துகொண்டிருந்தாள். மார்யுன் நொண்டினாள்.

அவள் முடிவுசெய்து நொண்டவில்லை. கால் தானாகச் செய்தது. ஆனால் துரிதா பக்கத்தில் வந்து, "இன்னிக்கு எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டபோது பதில் சொன்னது கால் அல்ல.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் மார்யுன்.

"குடுங்க, நான் கையப் புடிச்சுக்கறேன்" என்று துரிதா அவள் முழங்கையைப் பிடித்து வீடுவரை மெதுவாகக் கூட்டிவந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் மார்யுன் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். சமதரையில் சரியான கால் மலையிலும் சரியாக இருக்குமா? இன்று அடங்கியது நாளை கிளம்பாதா? அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு மறுபடி வலி வந்தால்? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. கஷ்டம் அங்கேதான். பொய்யை உண்மையான துண்டுகளால் கட்டியிருந்தாள். எந்தக் கல்லை உருவினாலும் அது நல்ல கல்லாகவே இருந்தது.

அவள் தனக்கே சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று உண்டு. கால் வலி வந்த பிறகுதான் அந்த வீட்டில் யாரோ அவளைத் தினம் விசாரித்தார்கள். ரெக்னார் கப்பலிலிருந்து பேசினால் வானிலை சொல்வான், மீன் விலை சொல்வான். துரிதா கடையைச் சாத்தியதும் வருவாள், அடுப்புக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போடுவாள், காலைத் தூக்கி அதில் வைப்பாள், "சொல்லுங்க, என்ன சொல்லுது உங்க விரல்?" என்பாள். ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டில் செய்த ஜாம் கொண்டுவருவாள். கிழங்கு மூட்டையைத் தூக்கி உள்ளே போடுவாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் அந்த முக்காலி சுவரோரம் போய்விடும். ஒரு முக்காலிக்காக ஒருவரை விளிம்பில் நடக்க விடலாமா என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் அவள் கூசிப்போயிருப்பாள். நேராகக் கேட்க யாரும் இல்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆடுகளுக்குப் பொறுப்பாளரான ஹானுஸ் ஒவ்வொரு பங்காகச் சொல்வார். அந்த வீட்டுக்காரர் நடக்கப் போகிறவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர். காரணம் சொல்லும் வழக்கம் இல்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. முடியாது என்று ஒருவர் சொன்னால் முடியாதுதான். எங்கள் ஊரில் இதுவரை யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படுவது ஆளைத் திருடன் என்பதற்குச் சமம்.

"ரெக்னார் பங்கு, விளிம்பு. யாரு நடக்கறா?" என்றார் ஹானுஸ்.

பக்கத்தில் துரிதா பின்னிக்கொண்டிருந்தாள். ஊசிகள் நின்றன.

மார்யுன் வாயைத் திறந்தாள். 'நான்' என்று சொல்லத்தான் திறந்தாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"துரிதா" என்றாள்.

ஊசிகள் மறுபடி ஓடின, முன்னைவிட வேகமாக.

"ஏம்மா துரிதா, ஏணியில ரெண்டாவது படி ஏறினா கண்ண மூடிக்கற. விளிம்புல மட்டும் எப்படி நடக்கற?" என்றார் ஹானுஸ்.

"அங்கயும் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஹானுஸ். நீங்க வரிசையோட அந்தக் கோடியில இருக்கறதால தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். மார்யுனும் சிரித்தாள். எழுந்து போகும்போது நாற்காலிகளுக்கு நடுவே கவனமாக நொண்டினாள்.

மறுவாரம் எல்ஸ்பாவிடம் போனாள். பரிசோதனைக்கு என்று சொல்லிக்கொண்டு போனாள். உண்மையில் ஒரு தடை உத்தரவு வாங்கப் போனாள். மலை ஏறாதீர்கள் என்று படித்த ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பொய் அந்த இடத்திலேயே உண்மையாகிவிடும்.

எல்ஸ்பா விரலை வளைத்தாள், அழுத்தினாள், நடக்கச் சொன்னாள். அறைக்குள் மார்யுன் நொண்டவில்லை. அங்கே நொண்டினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று பயம்.

"ரொம்ப நல்லா இருக்கே. ஒழுங்கா எல்லாம் செஞ்சிருக்கீங்க."

"மலையில ஆடு இறக்கற நாள் வருது. போகக் கூடாதில்ல?"

"ஏன் கூடாது? விரலுக்கு டேப் ஒட்டிக்கிட்டுப் போங்க. தகடு வேண்டாம், ஈரப் புல்லுல பாதத்துக்குத் தரை தெரியணும். இறங்கும்போது சின்னச் சின்ன எட்டு வையுங்க. மறுநாள் கொஞ்சம் வீங்கலாம், ஐஸ் வெச்சா அடங்கிடும்."

"வலிச்சா?"

"கொஞ்சம் வலிக்கும். தேஞ்ச மூட்டுதானே. பொறுத்துக்க முடியுமா முடியாதாங்கறத நான் சொல்ல முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்கு வேண்டாததாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் காலணியை அவிழ்த்து விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆடு இறக்க இரண்டு நாள் இருக்கும்போது துரிதா சூப் கொண்டுவந்தாள். காலை முக்காலியில் வைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தூங்கினியா?"

"தூங்காம என்ன? கடைக்கணக்கு பாத்துட்டிருந்தேன். அது கிடக்கட்டும் அண்ணி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பிளந்த பாறை இருக்கே, அதுக்கப்புறம் வழி குறுகுற இடம். அங்க நீங்க எந்தக் காலை முதல்ல வெப்பீங்க? எனக்கு அங்க வந்தா எல்லாம் மறந்துபோகுது."

"வலது காலு. பாறையப் பாக்கணும், கடலப் பாக்கக் கூடாது. இடது கைய பாறை மேல வெச்சுட்டு, இப்படி..."

மார்யுன் எழுந்துவிட்டாள். சமையலறைத் தரையில், சுவரையே பாறையாக வைத்துக்கொண்டு காட்டினாள். வலது காலை முன்னே வைத்து, குதிகாலைத் தூக்கி, உடம்பின் முழு எடையையும் முன்பாதத்தில் இறக்கி, சுழன்று திரும்பினாள். அந்தப் பெருவிரல் செங்குத்தாக வளைந்து நின்றது. விளிம்பை அவள் உடம்பு மறக்கவில்லை. காட்டும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

துரிதா காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வலிக்கல?"

மார்யுன் அப்படியே நின்றாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அறிவிருக்கா? சொன்னா போதாதா, செஞ்சு காட்டணுமா?" துரிதா ஓடிப்போய் உறைபெட்டியைத் திறந்தாள். பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி விரலில் வைத்தாள். "என்னால உங்களுக்கு வலி வந்துச்சு பாருங்க. இனிமே கேக்கவே மாட்டேன்."

குளிர் மெல்ல விரலுக்குள் இறங்கியது. ஆறுதல் தேவையில்லாத இடத்தில் வைத்த ஆறுதல் போலச் சுட்டது. மார்யுன் அதை எடுக்கச் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சமையலறையைவிடச் சொல்வதற்கு நல்ல இடம் அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. சூப்பைக் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

ஆடு இறக்கும் நாளில் மேகம் பாதி மலைவரை இறங்கியிருந்தது, தூறல். மலையடி வேலி வாசலில் எல்லோரும் கூடினோம். நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டிருந்தன. மார்யுன் விடிவதற்கு முன்பே விரலுக்கு டேப் ஒட்டி, பழைய மலைப் பூட்ஸைப் போட்டு வந்திருந்தாள். நடக்கப் போகிறோம் என்று அப்போதும் அவளுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் டேப் ஒட்டினாளாம்.

துரிதா ஆடு ஓட்டும் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூரமாக நின்று மழைக்கோட்டின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். முதல் பொத்தான் துளைக்குள் போகவில்லை. விட்டுவிட்டு இரண்டாவதுக்கு வந்தாள். அதுவும் போகவில்லை. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மார்யுன் கிட்டே போனதும் அது கேட்டது.

"வலது காலு. பாறையப் பாக்கணும். வலது காலு."

"குச்சியக் குடு" என்றாள் மார்யுன்.

"என்ன அண்ணி?"

"குடுடி. நான் நடக்கறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"இன்னிக்குப் பரவாயில்ல."

இன்றைக்கு. பொய் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துரிதாவின் கண் நிரம்பிவிட்டது. குச்சியைக் கொடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்யுன் பிடுங்கிக்கொண்டாள்.

"ஹானுஸ், பாருங்க இவங்கள!" என்று துரிதா கத்தினாள். "கால் செத்துக்கிட்டிருக்கு, எனக்காக ஏறுறாங்க!"

ஹானுஸ் மார்யுனைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"முடியாதுன்னா பாதியில கத்தும்மா. நாங்க நிக்கறோம்."

"கத்தறேன்" என்றாள்.

ஏறினோம், பரவினோம், நடந்தோம். மேகம் விலகும்போதெல்லாம் கோடியில் அவள் உருவம் தெரிந்தது. நிதானமாகத்தான் வந்தாள். பிளந்த பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டை ஆடு கூட்டத்தை விட்டுப் பிரிந்து விளிம்பை நோக்கிப் பாய்ந்தது. மார்யுன் அதற்கு முன்னால் போய்க் கையை விரித்து, நுனிக்காலில் எழும்பி, ஆளைப் பெரிதாக்கி நின்றாள். ஆடு அவளைப் பார்த்தது, அவள் ஆட்டைப் பார்த்தாள். அது திரும்பியது. அந்தக் கணத்தில் விரல் அவள் முழு எடையையும் தாங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் உடம்பு தன்னுடையது என்று இருந்ததாம். அடுத்த அடியிலேயே, இதைச் செய்யக்கூடிய காலை வைத்துக்கொண்டு துரிதாவை இங்கே நிறுத்தப் பார்த்தோமே என்று வந்ததாம். மீதி வழி முழுக்க அது கூடவே நடந்தது.

கீழே இறங்கியபோது எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் எதிர்பார்க்காதது இதுதான். செய்தி வரிசை முழுக்கப் பரவியிருந்தது. நாத்தனாரின் பயம் தாங்காமல், அறுத்துத் தைக்க வேண்டிய காலோடு மார்யுன் விளிம்பில் நடந்தாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், யாரோ கம்பளி போர்த்தினார்கள். ஹானுஸ் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"நாப்பது வருஷமா இந்த மலையில ஆடு இறக்கறேன். இப்படி ஒரு நடையப் பாத்ததில்ல" என்றார். அவர் சுலபத்தில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

"எனக்கு வலிக்கல" என்றாள் மார்யுன்.

"கேட்டீங்களா? வலிக்கலயாம்!" ஹானுஸ் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், இன்னும் அதிக மரியாதையோடு.

"நெசமாத்தான். வலிக்கல."

"சரிம்மா, சரி. காப்பியக் குடி."

உண்மை சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தாமதமாக வந்த உண்மையை அடக்கம் என்று பெயரிட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஆடுகளைப் பார்க்கப் போனார்கள். துரிதா மட்டும் நாற்காலிக்கு முன்னால் ஈரப் புல்லில் மண்டியிட்டுப் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"விடு துரிதா. நானே கழட்டறேன்."

"சும்மா இருங்க. வீங்கியிருக்கும். மெதுவா எடுக்கணும்."

"வீங்கல. துரிதா, நிமிந்து என்னைப் பாரு. வசந்தத்துலேருந்தே வலிக்கல."

"என்ன?"

"கிடா பாத்திக்குள்ள வந்துச்சே, அன்னிக்கு. அத விரட்டிக்கிட்டு ஓடினேன். ஓடை வரைக்கும் ஓடினேன். கால் ஒண்ணும் பண்ணல. அப்புறம் ரோட்டுல உன்னைப் பாத்தேன். நொண்டினேன்."

துரிதாவின் கை கயிற்றில் நின்றது.

"கூட்டத்துல உன் பேரச் சொன்னப்ப?" என்று மார்யுன் தானே தொடர்ந்தாள். "அப்பவும் வலிக்கல. சமையக்கட்டுல காட்டினேனே, அப்பவும் வலிக்கல."

"பட்டாணி வெச்சேன்" என்றாள் துரிதா.

"ஆமா."

"நான் அன்னிக்கு வீட்டுக்குப் போயி அழுதேன் அண்ணி. உங்களுக்கு வலிய உண்டாக்கிட்டேன்னு."

மார்யுன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று நான் பின்னால் கேட்டபோது, அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது துரிதாவிடம் இன்னொரு வேலை வாங்குவது போல இருந்தது என்றாள். அவள் சொன்னதில் எனக்கு முழுதாக உடன்பாடு தோன்றியது இந்த ஒன்றில்தான்.

"வருஷா வருஷம் செப்டம்பர்லேருந்தே எனக்கு சோறு எறங்காது, தெரியுமா?" துரிதாவின் குரல் உயரவில்லை. "விளிம்புல நின்னா கீழ இருக்கறது என்னைக் கூப்பிடற மாதிரி இருக்கும். அண்ணிக்கு இதவிட வலிக்கும், அண்ணிக்கு இதவிட வலிக்கும்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு எட்டும் வெப்பேன். அத வெச்சுத்தான் நடந்தேன்."

"தெரியும். போன வருஷம் நீ சுவத்துக்குப் பின்னால வாந்தி எடுத்தத பாத்தேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

துரிதா தலை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு கயிற்றை முழுதாக அவிழ்த்தாள், பூட்ஸை உருவினாள், காலுறையை உருவினாள், டேப்பை ஒரே இழுப்பில் பிய்த்தாள். வெளுத்த பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலின் அடி மூட்டில், எலும்பு புடைத்திருந்த இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நன்றாக, பலமாக அழுத்தினாள்.

"இப்ப?"

வலித்தது. மலை ஏறி இறங்கிய தேய்ந்த மூட்டு வலிக்காமல் இருக்காது. மார்யுனுக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. கத்தினால் இரக்கம் கிடைக்கும், பல்லைக் கடித்தால் தண்டனையை ஏற்றுக்கொண்ட பெருமை கிடைக்கும். இரண்டும் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் விரலுக்குள் என்ன இருக்கிறதென்று தேடிப் பார்த்தாள்.

"கொஞ்சம் வலிக்குது" என்றாள்.

"எவ்வளவு?"

"நீ அழுத்தறதால கொஞ்சம். விட்டா பொறுத்துக்கலாம்."

"நடக்கும்போது?"

"இறங்கறப்ப முனகுச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

துரிதா கையை எடுத்தாள். பாதத்தை மடியிலிருந்து இறக்கிப் புல்லின் மேல் வைத்தாள். தூக்கி எறியவில்லை, வைத்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு எழுந்து, மார்யுனைத் திரும்பிப் பார்க்காமல் ஆடுகள் நின்ற பக்கம் நடந்தாள். அங்கே ஹானுஸ் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை அசைத்தாள், பட்டிக்குள் இறங்கினாள், ஓர் ஆட்டின் கொம்பைப் பிடித்து இழுத்தாள்.

காற்றில் வெறுங்கால் விறைத்துக்கொண்டிருந்தது. மார்யுன் குனிந்து காலுறையை எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, தானே போட்டுக்கொண்டாள். பூட்ஸையும் போட்டுக்கொண்டாள். நாற்காலியை மடக்கி, பட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, நொண்டாமல் நடந்து பட்டியில் ஆடு பிடிக்கும் வேலைக்குப் போனாள். பார்த்தவர்கள் எல்லாம், எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டு நேராக நடக்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.